பொங்கலன்று அல்ல, ஒரு புதன்கிழமை

மூன்று வருடத்துக்கு முன்னால், மாட்டுப் பொங்கல் அன்று, இரண்டு காரில் பதினோரு பேர் கிளம்பிப் பெரிய ஆயாவைப் பார்க்கப் போனோம். பெரிய ஆயா என்றால் என் அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு அக்கா. போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில், பாரூர் ஏரித் தண்ணீர் பாயும் ஒரு ஊரில், மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு டப்பா சத்துமாவு, கையில் வைத்து அழுத்த ஐந்நூறு ரூபாய் எல்லாம் கொண்டு போயிருந்தோம். ஒவ்வொருவராகக் குனிந்து, "ஆயா, என்னைத் தெரியுதா?" என்று கத்தினோம். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நடுவில் உட்கார வைத்துப் படம் எடுத்தோம். நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம், இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.

கிருஷ்ணகிரி வருவதற்குள் பெரியம்மாவிடமிருந்து போன். சித்தப்பா கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆயா கேக்குது, யாரு வந்துட்டுப் போனதுன்னு" என்றார்.

காரில் எல்லோரும் "பாவம், மறதி" என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் ஆயாவுக்கு மறதி இல்லை. என் கல்யாணத்துக்குப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பது வரை அவருக்கு நினைவிருக்கிறது. வலது காது கேட்காது, ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. பதினோரு முகம், பதினோரு குரல், பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி. அதற்குள் யார் யார் என்று பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். நாங்கள் போனோம், ஆனால் அவர் யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. வார விடுமுறை புதன்கிழமை வரும். அந்த மாதமே ஒரு புதன்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து போச்சம்பள்ளிக்கு இன்னொரு பஸ். ஒன்பதரை மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒரு புதன்கிழமை போகிறேன். தவறிப்போன மாதங்களும் உண்டு. இந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை, வீட்டில் தொண்ணூறை நெருங்கும் பெரியவர்கள் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காது. வயதாகும்போது முதலில் போவது மெல்லிய, உச்சத்தில் ஒலிக்கும் சத்தங்கள். அதனால்தான் பெண்கள், குழந்தைகள் பேசுவது பெரியவர்களுக்கு அதிகம் புரிவதில்லை. நாம் கத்தினால் குரல் இன்னும் உச்சத்துக்குப் போகிறது. சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. கத்தும்போது நம் முகமும் கோபப்படுவதுபோல் ஆகிவிடுகிறது. நான் செய்வது இது: டிவியை நிறுத்தச் சொல்வேன். ஆயாவின் இடது காதுப் பக்கம், ஆனால் அவர் என் வாயைப் பார்க்கிற மாதிரி, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்காருவேன். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுவேன். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வர நேரம் ஆகும். அந்த இடைவெளியில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டால் அவர் யோசித்தது கலைந்துவிடும்.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டேன். அது பரீட்சை. தெரியவில்லை என்றால் அவர்களுக்கு அவமானமாக இருக்கிறது, அதனால்தான் சும்மா சிரித்து வைக்கிறார்கள். இப்போது உள்ளே நுழையும்போதே, "ஆயா, நான் உன் தங்கச்சி பேத்தி வந்திருக்கேன், ஓசூர்ல இருந்து" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். பேரைவிட முறையைச் சொல்வது நல்லது. பேர் நழுவினாலும் உறவு நழுவுவதில்லை. தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறுவதை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

நேரமும் முக்கியம். காலையில் சாப்பிட்டு முடித்த பிறகு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவர் தெளிவாக இருப்பார். மத்தியானம் தூங்கி எழுந்தால் கொஞ்சம் மந்தம். பொழுது சாயும்போது சில நாள் குழப்பமும் வரும், வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். வேலையை முடித்துவிட்டு ஆறு மணிக்கு மேல் போய்ப் பார்க்கிறவர்கள், அவருடைய மோசமான நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "ரொம்ப முடியல" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

பேச்சுக்கு என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் சிக்கல். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால் வலி எப்படி இருக்கு என்று கேட்டு முடித்தால் ஐந்து நிமிஷம் ஆகும். அப்புறம் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு வழி காட்டியது ஒரு கூடை அவரைக்காய். பெரியம்மா உரிப்பதற்காகக் கொண்டுவந்து வைத்தார். நானும் ஆயாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினோம். கை வேலையில் இருந்தபோது வாய் தானாகத் திறந்தது. முதல் நாள் களி கிண்டியபோது கட்டி தட்டிப் போய் மாமியார் என்ன சொன்னார், புது மருமகளாக வந்தபோது கிணற்றில் எத்தனை படி இறங்கித் தண்ணீர் எடுத்தார், என்னுடைய ஆயா பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. என் ஆயா கை கொஞ்சம் கோணலாக இருந்தது எனக்குத் தெரியும். அது ஏன் என்று என் அப்பாவுக்கே தெரியாது.

அதனால் எப்போதும் கையில் ஏதாவது வேலையோடு போகிறேன். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மல்லாட்டை (வேர்க்கடலை) உடைப்பது. எந்த வருஷம், என்ன தேதி என்று கேட்கக் கூடாது; எப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் பெரியவர்களுக்கு நன்றாக நிற்கின்றன. அங்கே போய் நின்றுகொண்டால் பேச்சு ஓடும்.

வயதைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். ஆதாரில் ஆயாவுக்கு ஜனவரி 1, எண்பத்திரண்டு வயது. யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. ஒரு நாள் அவராகவே, "கிருஷ்ணகிரி அணை தொறந்தப்போ உங்க பெரியப்பன் தவழ்ந்துட்டு இருந்தான்" என்றார். அணையைக் காமராசர் திறந்து வைத்தது 1957. அப்போது ஆயாவுக்கு இருபது வயது என்று வைத்தாலும் இப்போது எண்பத்தெட்டாவது இருக்கும். வயது என்பது மருந்து அளவுக்கு, அறுவைச் சிகிச்சை முடிவுக்கெல்லாம் தேவைப்படுகிற விஷயம். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் அணை, பஞ்சம், தேர்தல், முதல் பஸ் வந்தது என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உண்மையான வயதைக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது முழுமையாகாது. விருந்தாளிகள் எல்லோரும் ஆயாவைப் பார்க்க வருகிறார்கள். அந்த விருந்தாளிகளுக்குக் காபி போட்டு, சோறாக்கி, பாத்திரம் கழுவி, அவர்கள் போன பிறகு ஆயாவின் துணியை மாற்றுவது பெரியம்மா. அவருக்கே அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. அந்தப் பொங்கலன்று எங்களில் ஒருவர், "ஆயா ரொம்ப இளைச்சுப் போச்சே, சரியா சாப்பாடு தரலையா?" என்று கேட்டார். பெரியம்மா பதிலே சொல்லவில்லை. எதைச் சொல்லாவிட்டாலும் அதைச் சொல்லாதீர்கள். தினமும் பார்த்துக்கொள்கிறவரின் மனசு உடைந்தால் அந்த வீட்டுக் கதவு நமக்கு மூடிக்கொள்ளும், பாதிக்கப்படுவது ஆயா. இப்போது நான் முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொண்டுதான் போகிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன். போனதும், "பெரியம்மா, நான் பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கேன், நீங்க வெளிய போற வேலை இருந்தா பாத்துட்டு வாங்க" என்பேன். முதல் இரண்டு தடவை அவர் நம்பவில்லை. மூன்றாவது தடவை போச்சம்பள்ளி போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தாராம்.

அடிக்கடி போவதால் கிடைத்த ஒரு பெரிய நன்மையைச் சொல்ல வேண்டும். ஒரு புரட்டாசியில் போனபோது ஆயா என்னை அவருடைய அம்மா என்று நினைத்துப் பேசினார். மூலையில் ஆள் நிற்கிறது என்றார். சோறு வேண்டாம் என்று தள்ளினார். மூன்று நாளாக அப்படி. வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்றார்கள். வேப்பிலை அடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் என்னோடு உட்கார்ந்து தெளிவாகப் பேசினவர் அவர். மறதி மெல்ல மெல்லத்தான் வரும், மூன்று நாளில் வராது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலில் பார்த்த இடத்தில் வயதைக் கேட்டுவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீரில் தொற்று, அதோடு உடம்பில் தண்ணீர் இல்லை. மருந்தும் டிரிப்சும் கொடுத்த பிறகு பத்து நாளில் பழைய ஆயா திரும்ப வந்தார். பெரியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. எழுந்து போக வேண்டுமே என்று பயந்து தண்ணீரை வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு. திடீரென்று வரும் குழப்பத்தை வயதின் மேல் போட்டுவிடாதீர்கள். அது திடீரென்று வந்ததுதானா என்று தெரிய, போன மாதம் எப்படி இருந்தார் என்று பார்த்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஊருக்கு மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் பெண்ணிடமும் பழகி வைத்திருக்கிறேன். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தப் பெண் பல வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கிறவர். ஆயா கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் பெரியம்மாவிடம் முதலில் சொல்வது அவர்தான். யாருமே வந்து பார்க்காத பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். செலவுக்கான பணத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஆயாவுக்குப் புதுப் பத்து ரூபாய் நோட்டு பத்து. என் மகள் வந்தால் ஒன்று, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்று என்று அவர் எடுத்துக் கொடுப்பார். வாங்கி வாங்கி அலுத்துப்போன கைக்குக் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

மகளை முதலில் கூட்டிப் போனபோது அவளுக்கு ஏழு வயது. ஆயாவின் தோல் சுருக்கத்தைப் பார்த்துப் பயந்து என் பின்னால் ஒளிந்தாள். கட்டிப்பிடி, முத்தம் கொடு என்று நான் வற்புறுத்தவில்லை. தேங்காய் எண்ணெயைக் கொடுத்து, ஆயா காலில் தடவிவிடு என்றேன். இப்போது வீட்டுக்குள் போனதும் எண்ணெய்க் கிண்ணத்தை அவளே எடுக்கிறாள். வீடியோ காலும் செய்து பார்த்தோம், சரிப்படவில்லை. ஆயா போனுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அதைவிடப் பெரிதாகப் பிரிண்ட் போட்ட ஒரு படம், அடியில் யார் யார் என்று எழுதி, கட்டிலுக்கு நேரே மாட்டியது அதிகம் உதவுகிறது.

தம்பி விஷயம் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்கியது.

ஆயா பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். அங்கே அவருடைய கடைசித் தம்பி இருந்தார், என் அப்பாவுக்குத் தாய்மாமன். அக்காவும் தம்பியும் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆயா இன்னும் "சேலம் ஜில்லா" என்றுதான் சொல்வார். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சேலம் மாவட்டத்துக்குள்தான். 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. அக்கா ஒரு மாவட்டம், தம்பி ஒரு மாவட்டம் ஆகிவிட்டார்கள். படத்தில் தம்பியைக் காட்டி, "இவனக் கூட்டிட்டு வாயேன் கண்ணு" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்.

தாத்தாவால் வர முடியாது. கழுத்தும் முதுகும் இரும்புபோல் இறுகிவிட்டன. அந்தப் பக்கத்துக் கிணற்று, போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். அறுபது எழுபது வருடம் அதைக் குடித்த எலும்பு இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது, அவருக்கு அது காலம் கடந்தது. அதனால் அக்காவைத்தான் கூட்டிப் போக வேண்டும். பெரியப்பா தயங்கினார். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் போகாமலே இருந்துவிட்டால் அதற்கும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

போன பங்குனியில் போனோம். வெயிலுக்கு முன்னால் சேர வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். முதுகுக்கும் கழுத்துக்கும் தலையணை, மாற்றுத் துணி, பாய், வாந்திக்குப் பை. கழிப்பறைக்கு நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி டிக்கியில் போட்டிருந்தோம். அதை முந்தின நாளே ஆயாவிடம் காட்டிவிட்டேன். இல்லாவிட்டால் பயணத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார். முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தினோம். தருமபுரி தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இண்டூர் வந்தாச்சு ஆயா என்றதும் தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கண்ணை மூடவே இல்லை.

தாத்தா திண்ணையில் இருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால் பக்கத்தில் உட்கார வைத்தால் முகம் தெரியாது. எதிரே நாற்காலி போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி ஆயாவை உட்கார வைத்தோம். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள். அழுவார்கள் என்று நினைத்தோம். ஆயா, "சாப்டியாடா?" என்றார். தாத்தா "ம்" என்றார். அவ்வளவுதான். எங்களுக்குத்தான் கண் நிறைந்தது.

வாசலில் புளி உலுக்கிக் குவித்திருந்தது. யாரும் சொல்லாமலே ஆயா கை நீட்டினார். ஓடு உடைத்த புளியை ஒரு முறத்தில் போட்டுக் கொடுத்தோம். இருவரும் நார் கிழித்து, கொட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. நிலத்தை யார் விற்றது, எந்த மாடு எந்த வருஷம் செத்தது என்று போய், அவர்களுக்கு மூத்தவளாக ஒரு அக்கா இருந்து ஐந்து வயதில் காய்ச்சலில் போனது வரை வந்தது. எங்கள் யாருக்கும் அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. அவளுடைய பேரை அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது தாத்தா ஒரு கோணி நிறையப் புளியை வண்டியில் ஏற்றச் சொன்னார். பிறந்த வீட்டிலிருந்து அக்காவை வெறும் கையோடு அனுப்பக் கூடாதாம்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் முறை போட்டோம். மாதத்துக்கு ஒரு பேரப்பிள்ளை, ஆயாவிடம் ஒரு காலை. ஒன்பது பேரில் ஐந்து பேர் வருகிறார்கள். வராதவர்களைக் குழுவில் கேட்பதில்லை. கேட்டு வர வைத்தால் அது நாற்பது நிமிஷப் பொங்கல் வருகையாகவே இருக்கும்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை தாத்தா தவறிவிட்டார். ஆயாவிடம் சொல்வதா வேண்டாமா என்று போனிலேயே பெரிய வாக்குவாதம். மனசு தாங்காது, மறைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது "தம்பி எப்படி இருக்கான்" என்று கேட்கிறவர் அவர். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல வேண்டும், சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். அவர் துக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம், இப்போதும் அதேதான். ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடினேன். காலைச் சாப்பாடும் மாத்திரையும் ஆன பிறகு, பெரியப்பா ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல், "அம்மா, மாமா தவறிட்டாரு" என்றார். கூடவே, "நீ வரியாம்மா?" என்றும் கேட்டார்.

வெகு நேரம் பேச்சில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"நான் வரலடா. பங்குனியில பார்த்துட்டேன் இல்ல. நீ போய் மண்ணு போட்டுட்டு வா" என்றார்.

அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் ஆயாவோடு இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புளி இருக்குதா?" என்று கேட்டார். பாதியைப் பெரியம்மா கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்திருந்தார். மீதி கோணியிலேயே இருந்தது. எடுத்துவந்து முறத்தில் கொட்டினேன். ஆயா கட்டிலிலிருந்து மெல்ல இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு சின்னக் கல்லால் தட்டித் தட்டிக் கொட்டை எடுக்க ஆரம்பித்தார். நானும் ஒரு கல் தேடி எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.